விட்டுவைக்கத் தெரிந்த தூண்டில்



அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓடும் மேடிசன் ஆற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலையுதிர்காலம் முடிந்து குளிர்காலம் தொடங்கும் வாரங்களில், அதாவது அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும், அந்த ஆற்றில் டிரவுட் மீனுக்குத் தூண்டில் போடுவதுதான் இன்றைய பொருள். மண்புழு, மாவு உருண்டை எதுவும் கிடையாது. இறகையும் நூலையும் முள்ளில் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியைக் காட்டி மீனை வரவழைக்கும் முறை. ஃப்ளை ஃபிஷிங் என்பார்கள். எனக்கு அதில் தீராத ஆசை உண்டு.

அந்த ஆசை உள்ளவன் என்ற உரிமையில் ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். மற்ற மாதங்களில் ஒரு தூண்டில்காரரின் திறமையை அவர் பிடித்த மீனை வைத்துச் சொல்லலாம். நவம்பரில் அது செல்லாது. எந்த மீனைக் கண்ணால் கண்ட பிறகும் தூண்டில் போடாமல் விட்டார், எந்த இடத்தில் கால் வைக்காமல் சுற்றிப் போனார் என்பதை வைத்தே அந்த மாதத்தில் அவரை மதிக்க வேண்டும். பொதுவான நல்லுபதேசமாக இதைச் சொல்லவில்லை. ஆற்றுக்குள் அந்த நாட்களில் நடக்கும் காரியம் அப்படிப்பட்டது.

முதலில் ஆற்றைச் சொல்லிவிடுகிறேன். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் மேடிசன் பிறக்கிறது. ஓல்டு ஃபெயித்ஃபுல் என்று உலகமெல்லாம் பேர்பெற்ற வெந்நீர் ஊற்றும், அதைச் சுற்றியுள்ள ஊற்றுகளும் கக்கும் தண்ணீர் ஃபயர்ஹோலில்தான் வந்து சேர்கிறது. கோடையில் இந்தச் சூடு மீனுக்குப் பெரும் தொல்லை. இலையுதிர்காலத்தில் அதுவே உதவியாகிவிடும். கரையெல்லாம் பனி மூடிக் கிடக்கும்போதும் தண்ணீர் முற்றிலும் விறைத்துப் போகாமல், மீன் இரையெடுக்கும் நிலையில் இருக்கும்.

பூங்காவைவிட்டு மேற்கே வெளியேறும் மேடிசன், ஹெப்கன் அணையின் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. அணைக்குக் கீழே கொஞ்ச தூரம் ஓடி இன்னொரு ஏரிக்குள் நுழைகிறது. இந்த ஏரியை மனிதர் யாரும் வெட்டவில்லை. 1959 ஆகஸ்ட் 17 இரவு அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தது. மலையின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து ஆற்றை அடைத்துக்கொண்டது. 28 பேர் இறந்தார்கள். அடைபட்ட தண்ணீர் தேங்கித்தான் க்வேக் லேக், அதாவது நிலநடுக்க ஏரி, உண்டானது. அதற்கப்பால் ஆறு அகன்ற பள்ளத்தாக்கில் இறங்கி, என்னிஸ் என்ற சிற்றூரைத் தாண்டி, கடைசியில் ஜெஃபர்சன், கேலட்டின் என்ற ஆறுகளோடு சேர்ந்து மிசௌரி நதியாகிறது. 1805இல் அந்தக் கூடுதுறைக்கு வந்த நாடாய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும், அப்போது வெளியுறவுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் மேடிசனின் பெயரை இந்த ஆற்றுக்கு வைத்தார்கள்.

இனி பருவத்துக்கு வருகிறேன். டிரவுட்டின் உடம்பு வெப்பம் தண்ணீரின் வெப்பத்தோடு ஏறி இறங்கும். தண்ணீர் 12 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நன்றாக இரை தின்னும். அதற்கு மேல் ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் திணறும். அதனால் மொன்டானாவில் கோடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்ணீர் தொடர்ந்து மூன்று நாள் ஏறக்குறைய 23 டிகிரியைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடக் கூடாது என்று அறிவித்துவிடுவார்கள். கோடையில் தூண்டில்காரர்கள் விடியுமுன் எழுந்து ஓடுவார்கள்.

நவம்பரில் கணக்குத் தலைகீழ். காலையில் ஆற்றுக்குப் போய்ப் பயனில்லை. தண்ணீர் 4, 5 டிகிரியில் கிடக்கும். மீன் அடியில் அசையாமல் நிற்கும். பகல் 11 மணிக்குமேல் ஒன்றிரண்டு டிகிரி ஏறினால் உயிர்ப்பு வரும். 3 மணிக்கெல்லாம் மலைநிழல் விழுந்து எல்லாம் அடங்கிவிடும். அந்த நான்கு மணி நேரத்துக்காக மார்புவரை வரும் நீர்புகா உடையை மாட்டிக்கொண்டு, உள்ளே கம்பளியாய் அடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். கோலில் கயிறு ஓடும் வளையங்களில் நீர்த்துளி உறைந்து பனிக்கட்டியாய் அடைத்துக்கொள்ளும். கயிறு நகராது. அப்போது கோலை ஆற்றுக்குள் அமிழ்த்துவார்கள். காற்றைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் பனி கரைந்துவிடும்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் போகிறார்கள்? ஒரு காரணம், ஒரு சின்னப் பூச்சி. பெய்ட்டிஸ் என்ற மேஃப்ளை வகை. புளூ விங்டு ஆலிவ் என்பது தூண்டில்காரர்கள் வழக்கு. உடம்பு 5, 6 மில்லிமீட்டர்தான்; பாசி நிறம். சிறகு சாம்பல் நிறம். வாழ்நாளில் பெரும்பகுதியைக் கற்களுக்கிடையே தண்ணீருக்குள் கழித்துவிட்டு, ஒரு பகற்பொழுதில் நீர்மட்டத்துக்கு ஏறி, மேல்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. சிறகு காயும்வரை அதை நிமிர்த்தியபடி தண்ணீரின் மேலேயே நின்று மிதந்து வரும். வெயில் நாளில் சிறகு சீக்கிரம் காய்ந்து பறந்துவிடும். வானம் மூட்டம் போட்டுத் தூறல் விழும் நாளில் காய நேரமாகும். ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஆற்றில் நெடுந்தூரம் மிதந்து வரும். மீனுக்கு அது விருந்து. ஆகவே உள்ளூர்க்காரர்கள் நவம்பரில் வெயிலைத் தேட மாட்டார்கள். காற்றில்லாத, ஈயநிற மேகம் தாழ்ந்து நிற்கும் நாளுக்குக் காத்திருப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு நண்பகலை நினைத்துப் பாருங்கள். பாறை ஒன்றின் பின்னால், வேக நீரும் மெது நீரும் சேரும் விளிம்பில், தண்ணீரின் மேல் ஒரு சிறு வட்டம் விழுகிறது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்று. மீனின் மூக்கு நுனி மட்டும் மேலே தெரிந்து மறைகிறது. உள்ளங்கையில் உங்களுடைய பூச்சி இருக்கிறது. 20ஆம் எண் முள்; ஒரு வெள்ளரி விதை நீளம்கூட இல்லை. அதில் சாம்பல் நூலால் உடம்பு, வாத்தின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி முளைக்கும் மென்னிறகால் சிறகு. அந்த இறகு தண்ணீரில் சுலபமாக அமிழாது. 0.13 மில்லிமீட்டர் தடிமனுள்ள தங்கூசியை அந்த முள்ளின் கண்ணில் கோத்து முடிச்சுப் போட வேண்டும், மரத்துப்போன விரல்களால்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். பொய்ப்பூச்சிக்குக் கனமே இல்லை. அதனால் இங்கே கனத்தைக் கயிற்றில் வைத்திருக்கிறார்கள். மேற்பூச்சு உள்ள தடித்த கயிறு. அதன் நுனியில் வரவர மெலிந்து போகும் தங்கூசி. அதன் கடைசியில் பூச்சி. 9 அடிக் கோலைப் பின்னால் வீசி, கயிறு முழுவதும் முதுகுப் பக்கம் விரியும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்த ஒரு கணம் பொறுக்காதவருக்குக் கயிறு காலடியிலேயே குவியும்.

பூச்சி தண்ணீரில் விழுந்த பிறகுதான் உண்மையான வேலை. நடு ஆற்றில் ஓட்டம் வேகம், பாறையோரம் மெதுவு. கயிற்றின் நடுப்பகுதி வேகநீரில் கிடந்தால் அது முன்னே ஓடிப் பூச்சியையும் இழுக்கும். இழுபடும் பூச்சிக்குப் பின்னால் தண்ணீரில் ஒரு மெல்லிய கோடு விழும். அதைக் கண்டால் டிரவுட் கிட்டவே வராது. உண்மைப் பூச்சி ஒருநாளும் ஓட்டத்துக்குக் குறுக்கே நகர்வதில்லை என்பது அதற்குத் தெரியும். எனவே கயிறு விழுந்ததுமே கோல் நுனியால் அதைத் தூக்கி, மேல்நீர்ப் பக்கமாக வளைத்துப் போட வேண்டும். நீரின் நான்கைந்து வேகங்களைக் கண்ணால் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இந்த வித்தையின் இன்பமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. ஆற்றை உற்றுப் பார்க்காமல் இதில் ஒரு மீனும் கிடைக்காது. உற்றுப் பார்க்கப் பழகியவர், நவம்பரில் வேறொன்றையும் பார்த்துவிடுவார். என் பேச்சின் மையத்துக்கு இப்போது வருகிறேன்.

மேடிசனில் இன்று இருக்கும் டிரவுட் மீன்கள் எங்கிருந்து வருகின்றன? யாரோ வளர்த்துக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பொரிப்பகத்தில் முட்டையைப் பொரித்து, குஞ்சை வளர்த்து, பிடிக்கும் அளவுக்கு வளர்ந்த மீனை லாரியில் ஏற்றி ஆற்றில் கொட்டுவார்கள். மீன் குறைந்தால் பொரிப்பகத்தைக் கேள் என்பது அன்று உலகம் முழுதும் இருந்த நம்பிக்கை. நம் நீலகிரியில் அவலாஞ்சியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் டிரவுட் பொரிப்பகம் அமைத்ததும் இதே நம்பிக்கையில்தான்.

1960களின் பிற்பகுதியில் மொன்டானா அரசின் மீன்வள உயிரியலாளர் டிக் வின்சென்ட் மேடிசன் ஆற்றில் மீன்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் சிறிதளவு மின்சாரம் பாய்ச்சி, மீனை மயங்கவைத்து, எண்ணி, அளந்து, திரும்ப விடும் முறை. அவருக்கு ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. வளர்ப்பு மீன் கொட்டப்படும் பகுதியில், ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த மீன்கள் குறைந்துகொண்டே வந்தன. சந்தேகத்தைத் தீர்க்க ஒரு பகுதியில் மீன் விடுவதை நிறுத்திப் பார்த்தார்கள். காட்டு டிரவுட் பெருகியது. ஓடெல் கிரீக் என்ற ஓடையில் அதுவரை வளர்ப்பு மீன் விட்டதில்லை. அங்கே விட்டுப் பார்த்தார்கள். காட்டு மீன் குறைந்தது. தொட்டியில் நெருக்கியடித்து வளர்ந்த மீன்கள் திடீரென்று ஆற்றில் இறங்கியதும், இடம் பிடித்து நின்ற காட்டு மீன்களின் ஒழுங்கைக் கலைத்துவிடுகின்றன.

இந்த முடிவை ஊர் எளிதில் ஏற்கவில்லை. மீன் விடுவதை நிறுத்தினால் சுற்றுலா படுத்துவிடும் என்று கடைக்காரர்களும் தூண்டில்காரர்களும் எதிர்த்தார்கள். ஆனாலும் 1974இல், காட்டு டிரவுட் தானே பெருகும் ஆறுகளில் இனி வளர்ப்பு மீன் விடுவதில்லை என்று மொன்டானா நிறுத்தியது. 1990களில் இந்த முடிவுக்குப் பெரிய சோதனை வந்தது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழைந்திருந்த ஓர் ஒட்டுண்ணி மேடிசனைத் தாக்கியது. குஞ்சின் குருத்தெலும்பைத் தின்று, அதைச் சுழன்று சுழன்று நீந்திச் சாகவைக்கும் நோய் அது. ஆற்றின் மேற்பகுதியில் ரெயின்போ டிரவுட்டில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. அப்போதும் லாரி வரவில்லை. நோயைத் தாங்கிப் பிழைத்த மீன்களின் வழி ஆறு மெல்ல மெல்லத் தன்னைத் தானே நிரப்பிக்கொண்டது.

இதன் பொருளை நினைத்துப் பாருங்கள். மேடிசனுக்குப் பின்னால் ஒரு பொரிப்பகம் காத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு மீன், அதற்கடுத்த ஆண்டு மீன், எல்லாமே ஆற்றின் அடியில் கிடக்கும் சரளைக்கற்களுக்கு நடுவிலிருந்துதான் வர வேண்டும். அந்தச் சரளைக்குள் பிரவுன் டிரவுட் முட்டை வைக்கும் மாதங்கள்தான் அக்டோபரும் நவம்பரும்.

ரெயின்போவும் அந்த மண்ணுக்கே உரிய கட்த்ரோட் டிரவுட்டும் வசந்தத்தில் முட்டையிடுபவை. பிரவுன் டிரவுட் அப்படி அல்ல. பகல் குறுகி, தண்ணீர் குளிர்ந்து வரும்போது அதற்குப் பருவம் வருகிறது. ஹெப்கன் நீர்த்தேக்கத்தில் கொழுத்த பெரிய மீன்கள் ஆற்றை எதிர்த்து ஏறிப் பூங்காவுக்குள் போகின்றன. ஆண் மீனின் வயிறு பொன்னிறமாகி, கீழ்த்தாடை மேல்நோக்கி வளைந்து கொக்கி போடுகிறது. ஆண்டின் மிகப் பெரிய மீன்கள் ஆழத்தை விட்டு வெளியே வந்து ஆற்றில் தெரியும் காலம் இது. தூண்டில்காரர்கள் குளிரைப் பொருட்படுத்தாமல் வருவதற்கு இரண்டாவது காரணம் இதுதான். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது.

பெண் மீன் இடம் தேர்ந்தெடுப்பதைப் பார்க்க வேண்டும். மடு முடிந்து, தண்ணீர் ஆழம் குறைந்து வேகமெடுக்கத் தொடங்கும் துறை அதற்குப் பிடித்த இடம். அங்கேதான் தண்ணீர் சரளைக்குள் இறங்கி, கல்லிடுக்குகளில் ஊடுருவி, மறுபக்கம் வெளியே வரும். பட்டாணியிலிருந்து எலுமிச்சம்பழம் வரை அளவுள்ள கற்கள். பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் படபடவென்று அடிக்கிறது. வெள்ளிப் பளபளப்பு ஒன்று தண்ணீருக்குள் மின்னி மறையும். கல் கிளம்புகிறது, வண்டலும் பாசியும் ஓட்டத்தில் போய்விடுகின்றன. மறுபடி அடிக்கிறது, மறுபடி. அரை முழ ஆழம்கூட இல்லாத ஒரு குழி உண்டானதும் அதில் இறங்கி நிற்கிறது. ஆண் பக்கத்தில் வந்து ஒட்டி நின்று உடம்பு நடுங்க, முட்டையும் விந்தும் ஒரே நேரத்தில் விழுகின்றன. உடனே பெண் சற்று மேல்நீருக்கு நகர்ந்து அடுத்த குழியைத் தோண்டும். அந்தக் குழியிலிருந்து கிளம்பும் கற்கள் ஓட்டத்தில் வந்து முதல் குழியை மூடிவிடும். ஒரு கிலோ எடையுள்ள பெண் மீன் ஏறக்குறைய 1500 முதல் 2000 முட்டைவரை இடும்.

வேலை முடிந்த இடத்தைக் கரையிலிருந்தே அடையாளம் காணலாம். சுற்றிலும் பாசி படிந்த கரும்படுகை. நடுவில் கழுவி வைத்ததுபோல் வெளிறிய சரளைத் திட்டு. மேல்நீர்ப் பக்கம் ஒரு பள்ளம், கீழ்நீர்ப் பக்கம் ஒரு மேடு. முட்டை இருப்பது பள்ளத்தில் இல்லை, மேட்டுக்குள். ஆற்றில் இறங்கி நடப்பவருக்குக் கால் வைக்க மிகவும் வசதியான இடமும் அந்த மேடுதான்: ஆழம் குறைவு, வழுக்காத சுத்தமான கல்.

மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் ராபர்ட்ஸ், ரே ஒயிட் என்ற இருவர் இதை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். முட்டைகள் புதைந்த சரளையின் மேல், முட்டை வளரும் காலம் முழுவதும் நாளைக்கு இரண்டு முறை மனிதர் நடந்தால், முட்டையிலும் குஞ்சிலும் 96 சதவீதம்வரை சாகும். பொரிப்பதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு முறை நடந்தாலே 43 சதவீதம்வரை போய்விடும். நடந்தவருக்குத் தான் எதையாவது மிதித்ததாகவே தெரியாது. ஒரு முள்ளும் வீசாமல், ஒரு மீனும் பிடிக்காமல், வெறும் காலால் நூற்றுக்கணக்கான மீன்களைக் கொன்றுவிட்டு, இன்று ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லி அவர் வீடு திரும்புவார். இது எனக்கு மிகவும் வேதனை தரும் செய்தி. வேட்டையாடுபவன் தன் கையால் போன உயிருக்காவது கணக்குச் சொல்ல முடியும். இவருக்கு அந்தக் கணக்கே தெரியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வெளிறிய திட்டு சில வாரங்களில் மறைந்துவிடும். பாசி மறுபடி படிந்து, படுகையோடு படுகையாகிவிடும். முட்டைகள் மட்டும் உள்ளேயே இருக்கும். அந்தக் குளிரில் பொரிக்க மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். பொரித்த குஞ்சு வயிற்றில் மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு கல்லிடுக்கிலேயே பல வாரம் கிடந்து, வசந்தத்தில்தான் வெளியே நீந்தி வரும். ஆகவே நவம்பரில் குழியைப் பார்த்தவர் அந்த இடத்தை அடுத்த மே மாதம்வரை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கல்லுக்குள் கிடக்கும் இந்த உயிர் எவ்வளவு ஆதரவற்றது என்பதை 2021 நவம்பர் 30 எல்லோருக்கும் காட்டியது. அன்று அதிகாலை ஹெப்கன் அணையில் மதகை இயக்கும் தண்டில் ஓர் இணைப்பு உடைந்து, மதகு தானே இறங்கிவிட்டது. விநாடிக்கு ஏறக்குறைய 650 கன அடியாக இருந்த நீர்வரத்து பாதிக்கும் கீழே விழுந்தது. கிளைக்கால்கள் வற்றின. கரையோரச் சரளை வெளியே தெரிந்தது. அதில்தான் சில வாரங்களுக்கு முன் பிரவுன் டிரவுட் முட்டை வைத்திருந்தது. செய்தி கேட்டு, தூண்டில்காரர்களும் படகு வழிகாட்டிகளும் அக்கம்பக்கத்து மக்களும் வாளியோடு ஓடி வந்தார்கள். குட்டைகளில் சிக்கித் துடித்த மீன்களையும் குஞ்சுகளையும் அள்ளி அள்ளி ஆற்றின் நடுவே கொண்டுபோய் விட்டார்கள். மதகைச் சரிசெய்ய ஏறக்குறைய இரண்டு நாள் ஆயிற்று. நீந்தும் மீனை வாளியில் அள்ளலாம். கல்லுக்குள் இருக்கும் முட்டையை அள்ள வழியில்லை. தண்ணீர் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இங்கே இரண்டு கேள்விகள் எழும். இரண்டுமே நியாயமானவை.

முதல் கேள்வி: பிரவுன் டிரவுட் அந்த மண்ணின் மீனா? இல்லை. 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டைகளாகக் கப்பலில் நியூயார்க்குக்கு வந்த மீன் அது. அடுத்த சில ஆண்டுகளில் யெல்லோஸ்டோன்வரை கொண்டுபோய் விட்டார்கள். ரெயின்போவும் அங்கே வந்தேறிதான். மேடிசனின் சொந்த மீன்கள் வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட், ஆர்க்டிக் கிரேலிங், ஒயிட்ஃபிஷ். வந்தவை இருந்தவற்றில் சிலவற்றை ஒதுக்கித் தள்ளியது உண்மை. அதனால் பூங்காவில் சொந்த மீன் சிக்கினால் கட்டாயம் விட்டுவிட வேண்டும் என்பது விதி. சில ஓடைகளில் வந்தேறிகளை அகற்றிச் சொந்த மீனை மறுபடி குடியமர்த்துகிறார்கள். அந்த வேலையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஓர் ஓடையிலிருந்து ஓர் இனத்தை அகற்றுவது யோசித்து, அறிவித்து, பொறுப்பேற்றுச் செய்யும் காரியம். கவனக்குறைவாக முட்டையை மிதித்துப் போவதை அதோடு சேர்க்க முடியாது. மேடிசனின் நடுப்பகுதியில் பிரவுன் டிரவுட் நூறாண்டுக்கு மேலாகத் தானே பெருகி, நீர்நாய்க்கும் மீன்கொத்திக் கழுகுக்கும் இரையாகி, அந்த ஆற்றின் வாழ்வோடு கலந்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் தென்மேற்கு மொன்டானாவின் சில ஆறுகளில் அதன் எண்ணிக்கை சரிந்திருப்பதும் எல்லோரையும் கவலைப்பட வைத்திருக்கிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. தின்னாமல் திரும்ப விடுவதற்கு ஏன் பிடிக்க வேண்டும்? முள் குத்தினால் மீனுக்குத் துன்பம் இல்லையா? துன்பம் உண்டு. அதை மழுப்பக் கூடாது. எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அந்த வாளிகளைத் தூக்கிக்கொண்டு பனியில் ஓடி வந்தவர்கள் யார் என்று பாருங்கள். ஆற்றின் ஒவ்வொரு மடுவையும் பாறையையும் மனப்பாடமாக அறிந்தவர்கள். நீர்மட்டம் ஒரு சாண் குறைந்தாலும் கண்டுபிடிப்பவர்கள். தூண்டில் அவர்களை ஆற்றோடு கட்டிப்போட்டிருக்கிறது. அந்த உறவுக்கு மீன் ஒரு விலை கொடுக்கிறது என்றால், அந்த விலையை இயன்றமட்டும் குறைப்பது பிடிப்பவரின் கடமை.

எப்படிக் குறைப்பது? யெல்லோஸ்டோனில் எதிர்முள் இல்லாத முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். எங்கும் அப்படியே செய்யலாம். மீனைக் களைக்கவைத்து விளையாட்டுக் காட்டாமல் சீக்கிரம் கிட்டே கொண்டுவர வேண்டும். உலர்ந்த கையால் தொட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து நோய் பிடிக்கும். கையை நனைத்துக்கொள்ள வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் காற்றில் தூக்கினால் செவுளின் மெல்லிய இழைகள் உறைந்து சேதப்படும். ஆகவே நவம்பரில் மீனைத் தண்ணீரைவிட்டு எடுக்கவே கூடாது. வலைக்குள், தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றிவிட வேண்டும். படம் இல்லாவிட்டால் போகட்டும்.

சரளைத் திட்டில் நிற்கும் இணையைக் கண்டால் தூண்டில் போடவே கூடாது. அது இரைக்காக வாயைத் திறப்பதில்லை. குழிக்குள் வரும் எதையும் விரட்டவே கடிக்கும். அதைப் பிடிப்பதில் ஒரு வித்தையும் கிடையாது. வித்தை வேண்டுபவர் ஆழமான மடுவுக்குப் போகட்டும். பாறையோரத்தில் பெய்ட்டிஸ் தின்னும் ரெயின்போவைத் தேடட்டும். ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் பெரும்பாறை கிடக்கும் இடத்திலோ வண்டல் படிந்த இடத்திலோ கடக்கலாம். மடுவின் கடைசியில் உள்ள மெல்லிய சரளையை விட்டு விலக வேண்டும். முடிந்தவரை கரையிலேயே நடக்க வேண்டும்.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரியும். மீன் இனம் பெருக 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அங்கே அரசு கதவை மூடுகிறது. மொன்டானாவில் சில பகுதிகளைப் பருவத்துக்கு மூடுவதுண்டு; ஆற்றின் பெரும்பகுதி திறந்தே இருக்கும். நவம்பர் மாலையில், மூட்டத்தின் கீழ், மைல் கணக்கான ஆற்றில் தனியாக நிற்கும் ஒருவரை எந்த அதிகாரியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர் எங்கே கால் வைக்கிறார் என்பது அவருடைய அறிவையும் மனத்தையும் மட்டுமே பொறுத்தது.

அறிவு இல்லாமல் மனம் மட்டும் இருந்து பயனில்லை என்பதால்தான் இவ்வளவும் சொன்னேன். முட்டையை மிதிக்க வேண்டும் என்று யாரும் ஆற்றில் இறங்குவதில்லை. மிதிப்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அவர்களுக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இன்று புதிதாகக் கற்க வருபவருக்கு முதல் நாள் கோலைப் பிடிக்கவும் கயிற்றை வீசவும் சொல்லித் தருகிறார்கள். மீன் முட்டையிடும் இடத்தைப் பற்றி எப்போதாவது, பேச்சுவாக்கில் சொல்வார்கள். இந்த வரிசை மாற வேண்டும் என்பதே என் வேண்டுகோள். உங்களில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். விடுமுறையில் மலைப்பக்கம் போகிறார்கள், தூண்டில் பழகுகிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள். வீச்சைக் கற்பதற்கு முன் ஒரு மணி நேரம் கரையில் நடந்து சினைக்குழியை அடையாளம் காணக் கற்கட்டும். பள்ளம் எது, மேடு எது, முட்டை எதற்குள் இருக்கிறது என்று விரலால் சுட்டிக் காட்டத் தெரிந்த பிறகு கோலைக் கையில் எடுக்கட்டும். வீச்சு கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, அது எப்படியும் வந்துவிடும். மேடிசனுக்கு லாரி வரப்போவதில்லை; அதன் மீன்கள் அந்தச் சரளையிலிருந்துதான் வர வேண்டும்.